அதே தடத்தில்

விடத்தல்தீவின் மத்தியான வெயில் பட்டறையின் தகரக்கூரை ஓட்டைகளால் இறங்கி, மேசையிலிருக்கும் சின்ன லேத் மெசினில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. கையால் சுற்றும் சில்லைக் கழற்றிவிட்டு, பழைய போட்டோக்கொப்பி மெசினின் மோட்டரைப் பொருத்திக் கொம்பியூட்டரோடு இணைத்திருக்கிறாள் அன்ரோனெற். படகு எஞ்சினின் உருக்குத் தண்டில் திருகு மரை பாதி ஆழம் வெட்டியாயிற்று. இனி ஒவ்வொரு முறையும் உளி முதல் வெட்டிய தடத்திலேயே இறங்கவேண்டும்; தவறினால் தண்டு பாழ். படகுக்காரர் பேதுரு கதிரை நுனியில் இருக்கிறார். "கரண்ட் போனா உன்ர கொம்பியூட்டர் தடத்தை மறந்திடும், பிள்ளை. என்னட்ட இருக்கிறது இந்த ஒரு தண்டுதான்." உளி தண்டைவிட்டு விலகும் கணத்தில், அவரைப் பார்த்தபடியே அன்ரோனெற் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறாள். இரைச்சல் அடங்குகிறது. தண்டு மெல்லச் சுற்றி நிற்கிறது. வெளியே காகங்கள் கருவாட்டுக்குச் சண்டைபிடிப்பது கேட்கிறது. பேதுரு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறார். அவள் பிளக்கைத் திரும்பச் செருகி, கொம்பியூட்டர் விழித்ததும் எண்ணெய் பிரண்ட விரலால் ஒரு விசையைத் தட்டுகிறாள். தண்டு சுழலத் தொடங்க, உளி பின்னால் போய்த் தன் தொடக்க இடத்தைத் தொட்டுவிட்டு வந்து, மயிரிழையும் பிசகாமல் பழைய தடத்துக்குள் இறங்குகிறது. மெல்லிய உருக்குச் சுருளொன்று புகைந்தபடி எழும்புகிறது. பேதுரு குனிந்து பார்க்கிறார். அவள் கை மறுபடியும் பிளக்கைப் பிடிக்கிறது. "இன்னொருக்காப் பிடுங்கிக் காட்டட்டோ?"