தெம்பு வந்தால்

முதியோர் இல்லத்தில் அத்தனை பேரையும் வழிக்குக் கொண்டுவந்த நர்ஸுக்கு, ஜன்னலோரக் கட்டில் பெரியம்மா மட்டும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் புரதம் சேராவிட்டால் இனி எழுந்து நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டை கொடுத்தால் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். அந்தக் கட்டில்காரிக்குக் கன்னம் உப்பியதுதான் மிச்சம். கஞ்சியில் புரதப் பவுடரைக் கலந்தால், மோந்து பார்த்தே கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள்.

வீட்டு ஏக்கம்தான் என்று நர்ஸ் முடிவு கட்டினாள். அடுத்தவர் மனசைப் படிப்பதில் அவள் புலி என்று அவளுக்கே நினைப்பு.

"சாப்பிடுங்க பெரியம்மா. தெம்பு வந்தா மகன் கூட்டிட்டுப் போயிடுவாரு. பழையபடி எல்லாருக்கும் உங்க கையால சமைச்சுப் போடலாம்."

பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தினமும் இதே பாட்டு, தினமும் அதே சுவர்.

அன்று மதியம் மகன் போன் செய்தான். வீட்டில் இடம் போதவில்லையாம். அம்மா கடைசிவரை அங்கேயே இருக்கட்டுமாம். நர்ஸ் சாப்பாட்டுத் தட்டோடு கட்டிலோரம் உட்கார்ந்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள்.

பெரியம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"இனிமே வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டானா?"

"மாட்டாராம், பெரியம்மா."

பெரியம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தெம்பு வந்தா மறுபடி அந்த அடுப்படிக்கே அனுப்பிடுவீங்கன்னுல்ல பயந்து கெடந்தேன். இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"