வாய் திறக்காத நேரம்

பஞ்சைக் கடித்தபடி அவள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடம் இன்னும் மரத்துத்தான் இருந்தது. பாதி உதடு யாருடையதோ போலத் தொங்கியது.

பேசக் கூடாது. துப்பக் கூடாது. ஊறுவதை விழுங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பஞ்சை எடுக்கவே கூடாது. பல் டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பேசாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

எதிர்வீட்டுக்காரி ஏதோ கேட்டதற்குக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். டிவியைப் போட்டாள். அணைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு மூடினாள்.

உட்கார முடியவில்லை.

அப்போதுதான் வடிவு வந்து நின்றாள். சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள். வருகிறேன் என்று ஒரு போன்கூட இல்லை.

அம்மா வாயைத் திறந்து பஞ்சைக் காட்டினாள்.

வடிவு ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"அவுக வேலைக்குப் போகும்போது என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாகம்மா."

பொங்கலுக்கு வந்தபோதும் இதைத்தான் தொடங்கினாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தபோதும். இரண்டு முறையும், அடுத்த வார்த்தை வருவதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். காலம் கெட்டுக் கெடக்கு, மாப்பிள்ளை ஒரு பாதுகாப்புக்குத்தான பூட்டுதாரு. அனுசரிச்சுப் போ.

அதே பதில் இப்போதும் நாக்கு வரை வந்தது.

பஞ்சில் முட்டி நின்றது.

வடிவு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அதனால் மேலே சொன்னாள்.

போன வாரம் கீழ்வீட்டு அடுக்களையில் தீப்பிடித்தது. மாடிப்படி முழுக்கப் புகை. எல்லாரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். வடிவு மட்டும் மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மாப்பிள்ளை வந்து பூட்டைத் திறந்தபோது தீயை அணைத்துவிட்டிருந்தார்கள். அவர் சிரித்தார்.

"ஒண்ணும் ஆகலைல்லான்னு கேட்டாக. மறுநாளும் பூட்டிட்டுத்தான் போனாக."

அம்மாவுக்கு ஏன்டீ எங்கிட்டச் சொல்லல என்று கேட்க வாய் துடித்தது.

கேட்க முடியாமல் போனது நல்லதாகப் போயிற்று.

எச்சில் உப்பாக ஊறியது. விழுங்கினாள்.

"இன்னைக்கு அவுக குளிக்கப் போன நேரத்துல கிளம்பி வந்துட்டேன்" என்றாள் வடிவு. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாமலே, "சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருதேன்மா."

அவள் மகளின் கையை மெல்ல விலக்கினாள். வாசலுக்குப் போனாள்.

செருப்புகளுக்குப் பக்கத்தில், வடிவு உள்ளே கொண்டுவரத் துணியாமல் விட்ட பெட்டி. ஜிப் முழுதாக மூடவில்லை. துணிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

கனம் எதுவும் தூக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் குனிந்து தூக்கினாள். வாய்க்குள் வெதுவெதுப்பாகப் பெருகியது. பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள்.

"அம்மா, ரத்தம்..." வடிவு ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள்.

பெட்டியை அறையில் வைத்துவிட்டு அம்மா பீரோவைத் திறந்தாள். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ ஆகியிருந்தது.

வடிவின் துணிக்காகக் கீழ்த்தட்டைக் காலியாக்க, அங்கிருந்த தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தாள்.