வம்சக் கோடு

“இந்தக் கல்யாணம் நடக்காதுங்க” என்றார் கப்பல்காரர், தன் மகளை நிச்சயம் பேச வந்திருந்தவர்களிடம். கப்பல் எஞ்சினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குக் குடும்ப வரலாறுதான் பைத்தியம். வரைந்து வைத்திருந்த வம்ச மரத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தார்.

சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போன அவருடைய சித்தப்பாதான் பையனின் தாத்தாவாம். பழைய போட்டோவைப் பார்த்த பையனின் அப்பா, “எங்கப்பாதான்” என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆக, இரண்டு அப்பாக்களும் பங்காளிகள். பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அதுவரை பெண்ணின் தலையை வருடிக்கொண்டிருந்த பையனின் அம்மா, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பையன் விடவில்லை. எல்லாம் ஊகமாக இருக்கலாமே என்றான்.

“ஒரே பேரு, ஒரே ஜாடைன்னு நம்பி ஏமாறுற ஆள் நான் இல்ல தம்பி. விசாரிக்காம எதையும் எழுத மாட்டேன்” என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது சொல்லணுமா? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு.”

திரைச்சீலை வாங்கக்கூட அவளைக் கேட்காத மனுஷர். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; முறையும் கிடையாது, தடையும் கிடையாது. மகள் அவருக்குப் பிறந்தவளே இல்லை. அவர் கப்பலிலிருந்து இறங்கிய ஏழாம் மாதம் பிறந்த கொழுகொழு குழந்தையைக் குறைப்பிரசவம் என்று சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள்.

சொன்னால் மகள் வாழ்வாள். இவள் நடுத்தெருவில் நிற்பாள்.

“அம்மா, ஏதாவது சொல்லும்மா” என்றாள் மகள்.

“அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பாவி, பெற்ற வயிறு பற்றி எரிந்தும் அவ்வளவுதான் சொன்னாள்.

வந்தவர்கள் எழுந்து போனார்கள். பையன் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மகள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அவள் அழுத அழுகை தெருவரைக்கும் கேட்டது.

கப்பல்காரர் நிதானமாக மரத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி மனைவியைக் கிட்டே கூப்பிட்டார். தன் பேருக்கும் மகள் பேருக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இன்னிக்காவது நீயே சொல்லிடுவேன்னு பார்த்தேன்” என்றார். “மத்த கோடெல்லாம் பேனாவுல போட்டது. இது ஒண்ணு மட்டும் ஆரம்பத்துலேர்ந்தே பென்சில்.”