ஒன்ஸ் மோர்

மார்ச் 15, சனிக்கிழமை. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பாடிக்கொண்டிருக்கும்போதே ரசிகரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் சரணத்தில் ஒரு வரி காணாமல் போனது. ரசிகர் என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லை, அதுதான் காரணம்.

கல்லூரிக்கு எதிரே உள்ள காபிக் கடையின் மூலையில் வாராவாரம் பாடுகிறோம். பாட்டும் கிதாரும் நான், டிரம்ஸ் என் தங்கை. மற்ற இடங்களில் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். நாங்களே எழுதி மெட்டுப் போட்டதைப் பாட ஊரில் இருப்பது இந்த ஒரு மூலைதான்.

அந்த மூலைக்கும் இன்று ஆபத்து வந்தது. ஆரம்பிக்கும் முன்பே கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டார்.

"சொந்தப் பாட்டு, சொந்தப் பாட்டுன்னு சொல்றீங்க. சொந்தக்காரங்களைத் தவிர யாருப்பா கேக்குறா?"

"போன வாரம் பத்துப் பேர் இருந்தாங்களே, அண்ணே?"

"அதுல ஆறு பேரு உங்க அத்தை குடும்பம். மிச்சம் நாலு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க." ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு வெளியாள் ஒருத்தராவது ஒன்ஸ் மோர் கேக்கட்டும், வருசம் முழுக்க மூலை உங்களுக்கு. கேக்கலையா, திங்கக்கிழமை அங்க ரெண்டு மேசை போட்டுடுவேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். மடிக்கணினியும் கையுமாக நான்கு மாணவர்கள். நான்கு பேர் காதிலும் இயர்போன். 'கண்டிப்பா வர்றோம்டா' என்று சொன்ன மாலை வகுப்பு நண்பர்கள் யாரும் வரவில்லை. நம்பியது என் தவறுதான். ஆனால் அதை இன்றைய தவறுக் கணக்கில் சேர்க்கவில்லை.

"டேய் அண்ணா, பாட்டுதான் சோகப் பாட்டு. அதுக்காக இப்பவே அழுது தீர்த்துடாதே," என்றாள் தங்கை.

முதல் பாட்டின் பல்லவியில் அந்த ரசிகர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் ஒரு கனத்த பை. கடையில் பாதி நாற்காலிகள் காலி. அவரோ ஒரு நாற்காலியை இழுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. யாரும் அசையவில்லை. காபி மெஷின் மட்டும் 'உஸ்ஸ்' என்றது.

"ஒன்ஸ் மோர்!"

தங்கையின் கையிலிருந்து குச்சி நழுவிக் கீழே உருண்டது. "யாரு? நம்மளையா?" என்றாள் மெதுவாக.

மறுபடி பாடினோம். நான் சிரித்ததும் வரியை விட்டதும் இந்த முறைதான். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்டத்தட்ட அதன்மேல் காதை வைத்துக்கொண்டார்.

"தம்பி, ஏறாத பஸ்ஸு போகுதேன்னு மேல போவுமே, அந்த இடம் மட்டும் ஒன்ஸ் மோர்! நல்லாச் சத்தமா!"

அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா என்று மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவன் நான். முதல்முறையாக ஒரு மனிதர் அதையே தனியாகக் கேட்கிறார். கழுத்து நரம்பு புடைக்க, 'போகுதே'யை மூச்சு உள்ளவரை இழுத்தேன். ஒரு மாணவி இயர்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

கடைக்காரர் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"கேட்டுச்சுப்பா, உள்ள வரைக்கும் கேட்டுச்சு. ஒண்ணுக்கு ரெண்டு ஒன்ஸ் மோர்! வருசம் முழுக்கச் சனிக்கிழமை உங்களுதுதான்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது," என்றாள் தங்கை.

"நான் என்ன பேச்சு மாறுற ஆளா? எங்க அந்தப் புண்ணியவான்? அவருக்கு ஒரு காபி குடுக்கணும்."

பெருமையோடு கையைக் காட்டினேன். கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அட, நீயா! எப்ப வந்தே?"

"முதப் பாட்டுலயே வந்துட்டேண்ணே." மடியில் இருந்த பையைத் திறந்தார். உள்ளே ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், சுருட்டி வைத்த வயர். "கரகரன்னு சத்தம் வருதுன்னு போன்ல சொன்னீங்களே, அதைத்தான் தம்பியைத் திருப்பித் திருப்பிப் பாட வச்சுக் கேட்டுட்டு இருந்தேன்."

"எந்த ஸ்பீக்கர்ல கோளாறு?"

ரிப்பேர்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"ஸ்பீக்கர் ரெண்டும் நல்லாத்தான் இருக்குண்ணே."

நாளைய வேலை: அடுத்த சனிக்கிழமைக்காக அந்த வரியை ஒரு கட்டை இறக்கிப் பாடிப் பழக வேண்டும். தங்கை இரண்டு கட்டை என்கிறாள்.