எடை நோட்டு

"அடுத்த பூசணி, ஏறு!"

எடை அக்கா கத்தியதும் வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து, புதிதாக ஒரு பெண்கள் குழுவை மேடையேற்றப் போகும் கம்பெனி அது. ஆறு பேர், வாயாடியும் அதில் ஒருத்தி. காலையில் தொண்டை கிழியப் பாட்டு, மதியம் முட்டி தேய ஆட்டம். வாரம் ஒருமுறை எடை. ஐம்பது கிலோவைத் தாண்டினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மிஷினில் ஏறியவள் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். குனிந்து எண்ணைப் பார்ப்பது அக்கா மட்டும்தான். பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், ஊரையே கூட்டுவாள்.

"மிஷின் முனகுது பாரு! நாப்பத்தொன்பதே முக்கால். மயிரிழையில தப்பிச்சே, ஓடு!"

"இவங்க பெரிய கொடியிடை!" மிஷினிலிருந்து இறங்கிக்கொண்டே வாயாடி முணுமுணுத்தாள்.

"காது கேக்குதுடீ!"

அன்று மதியமே வாயாடி மேனேஜர் அறைக்குள் புகுந்தாள்.

"சார், வாரா வாரம் எங்க மானத்தை வாங்கறாங்க. ஒருத்தி அழுதுக்கிட்டே ஆடறா. அவங்களை மாத்துங்க."

மேனேஜர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "எடை விஷயத்துல கண்டிப்பு வேணும்மா. சரி, நானே வந்து பாக்கறேன்."

வந்தார். நோட்டை வாங்கிக்கொண்டு, முதல் ஆளாக வாயாடியையே ஏறச் சொன்னார்.

ஐம்பத்தஞ்சு.

நோட்டைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். "காலையில நாப்பத்தொன்பதே முக்கால். அதுக்குள்ள அஞ்சு கிலோவா? அம்மியை முழுங்கினியா?"

அடுத்தவள் ஐம்பத்துநாலு. அதற்கடுத்தவளும் அப்படியே.

வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாக அக்காவின் வாய் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கை குறைத்துக் குறைத்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"என்ன நடக்குது இங்கே?" மேனேஜர் உறுமினார்.

அக்கா அசரவில்லை. "மிஷின் கெட்டுப்போச்சு சார். மத்தியானத்துலேர்ந்து அஞ்சு கிலோ கூட்டிக் காட்டுது. நம்பலைன்னா நீங்களே ஏறிப் பாருங்க."

"பாத்துடுவோம். நேத்துதான் டாக்டர்கிட்ட பாத்தேன், எண்பத்தொன்பது."

ஏறினார். குனிந்தார். தொந்திதான் தெரிந்தது. எக்கினார். அப்போதும் தொந்திதான்.

"தொண்ணூத்திநாலு சார்," என்றாள் அக்கா.

"நீ தள்ளு! உன்னை நான் நம்பலை. புகார் கொடுத்த பொண்ணு பாத்துச் சொல்லட்டும். அவளுக்குத்தான் உன்னைக் கண்டாலே ஆகாது."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வாயாடி மண்டியிட்டுக் குனிந்தாள். எண் பளிச்சென்று தெரிந்தது. எண்பத்தொன்பது.

"தொண்ணூத்திநாலேதான் சார்," என்றாள். "ஒரு கிராம்கூடக் குறையலை."