கூட்டி வைத்த வேகம்

ஹல்துமுல்லைக் கடைத்தெருவின் மாடி அறையில், மூடுபனி வெளுப்பாய் விழும் ஜன்னலோரம், ஜெபமலர் தான் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக் கம்ப்யூட்டரை மறுபடியும் போடுகிறாள். விசிறி உறுமுகிறது, விண்டோஸ் படம் வந்ததும் திரை நீலமாகி அணைகிறது. நேற்றிலிருந்து இப்படித்தான். "நிலக்ஷனாவோட பிளொப்பி டிஸ்க்குலருந்துதான் வைரஸ் வந்திருக்கும்" என்று கணவன் பிலிப்பு சொன்னதை நம்பி, தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வகுப்புக்கு நடந்து வரும் அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஏசி அனுப்பிவிட்டாள். இப்போது விண்டோஸ் வருமுன்பே ஒரு விசையை அழுத்தி செட்டிங்ஸ் திரையைத் திறக்கிறாள். ப்ராசஸரின் வேகம் அளவுக்கு மீறிக் கூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் திரையின் பாஸ்வேர்ட் அவளுக்கும் பிலிப்புக்கும் மட்டுமே தெரியும். "நீங்களா கூட்டுனீங்க?" என்று, பின்னால் தேநீரோடு நிற்கும் பிலிப்பிடம் திரும்பாமலே கேட்கிறாள். "கேம் இழுத்து இழுத்து ஓடுச்சு. கொஞ்சந்தான் கூட்டுனேன்." "நேத்து அந்தப் புள்ளைய நான் ஏசுறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?" அவன் விரல் தேநீர்க் கோப்பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருக்கிறது. அவள் வேகத்தைப் பழையபடி குறைக்கிறாள். இந்த முறை திரை அணையாமல், விண்டோஸின் பச்சைப் புல்வெளிப் படமாய் விரிகிறது. "பாத்தியா, எல்லாம் சரியாப் போச்சு" என்கிறான் பிலிப்பு, நிம்மதியாக. "யாருக்கு?" என்கிறாள் ஜெபமலர். குடையை எடுத்துக்கொண்டு, நிலக்ஷனாவின் லயத்துக்குப் போகும் பாதைக்குப் படியிறங்குகிறாள். பின்னால் அவன் காலடிச் சத்தம் கேட்கவில்லை.