ஐந்தடிக்கு ஐந்தடி

"கொஞ்சம் தள்ளி வைம்மா" என்றார் செக்ரட்டரி பிரகாசம், பூந்தொட்டியை நகர்த்தச் சொல்வதுபோல.

அவர் நகர்த்தச் சொன்னது ஒரு லிஃப்டை.

கீபோர்டில் 'எம்' அடித்து என்டர் தட்டினேன். திரையில் ஐந்தடிக்கு ஐந்தடிப் பெட்டி, கீழ்வீட்டு லிண்டாவின் படுக்கையறை ஜன்னலை விட்டு விலகி, காம்பவுண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

"ஹலோ, அங்க சம்ப்பு கீது. லாரித் தண்ணிய எங்க ஊத்துவான், உன் தலையிலயா?" என்றார் அக்பர் பாஷா.

மந்தைவெளியில் மூன்று மாடிப் பழைய ஃபிளாட். பன்னிரண்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தில் அசோசியேஷன் மீட்டிங். லிஃப்ட் எங்கே வரும் என்று வரைந்து காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்ட்.

என் லேப்டாப் அக்பர் பாஷாவின் கார் பானட்டில் இருந்தது. கீறல் விழுமென்று அவரே துண்டு விரித்துக் கொடுத்தார். அதன் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, ஒயர் இல்லாமல் உயிர் வராது. கீழ்வீட்டில் யாரும் பிளக் பாயின்ட் தரவில்லை. மீட்டர் ஓடுமாம். நல்லவேளை, மாடியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் நீள ஒயரை இறக்கிவிட்டிருந்தார். எந்த வீடு என்றுகூடப் பார்க்காமல் செருகிக்கொண்டேன்.

லிஃப்ட் கேட்டது மூன்றாவது மாடி ஆரோக்கியமேரி டீச்சர். இடுப்பெலும்பு முறிந்து பதினான்கு மாதம். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் கீழே வந்தார், ஆஸ்பத்திரிக்கு, நாலு பேர் நாற்காலியோடு தூக்க. மாதாகோயிலுக்குப் போக முடியாததால் ஃபாதர்தான் மாதம் ஒருமுறை படியேறி வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போகிறார். லிஃப்ட் செலவு முழுவதும் மாடிவீடுகளுடையது. மற்றவர்கள் தரவேண்டியது ஐந்தடிக்கு ஐந்தடி இடம் மட்டும்.

அதற்குத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

சம்ப்பை விட்டு நகர்த்தினேன். அது அக்பர் பாஷா கார் நிறுத்தும் இடம். துண்டின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நகர்த்தினேன். மோட்டார் ரூம் இடித்தது. இன்னும் நகர்த்தினேன். கதவு தெற்குப் பக்கம் பார்க்கிறதே, நான் பெண்ணுக்கு வரன் பார்க்கிறேனே என்று ஒருவர் பதறினார். ரொட்டேட் கொடுத்துத் திருப்பினேன். கதவு இப்போது லிண்டாவின் சமையலறையைப் பார்த்தது.

"போறவன் வர்றவன்லாம் என் அடுப்பப் பாத்துட்டுப் போகணுமா?"

"பெட்டியச் சின்னதா பண்ண முடியாதா?" இது அக்பர் பாஷாவின் மனைவி ஷகீலா.

ஸ்கேல் கொடுத்தால் பெட்டி சிறுக்கும், சக்கர நாற்காலி சிறுக்காது என்றேன். நாற்காலியைப் பெரிதாகச் செய்ததே நான்தான் என்பதுபோல என்னை முறைத்தார்.

அப்படியே அந்தப் பக்கம் புரட்டிப் போடச் சொன்னார் பிரகாசம். மிரர் கொடுத்தேன். பழையதை அழிக்கவா, வேண்டாமா என்று மெஷின் கேட்டது. மெஷினுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்கத் தெரிந்திருக்கிறது. டீச்சரை இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் எப்படி வருவார்? மீட்டிங்கைத்தான் கீழே வைத்துவிட்டார்களே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்தவள், மெஷினுக்கு மட்டும் பதில் தட்டினேன்.

பதினோராவது தடவை பெட்டி காம்பவுண்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றது. அந்த இடத்துக்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

பிரகாசம் தொண்டையைச் செருமினார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்திருந்தார், வெள்ளைச் சட்டை கசங்கவில்லை.

"நாப்பது வருஷமா என்ன பண்ணோம்? படிதான் இருக்கே. எடுத்துடும்மா."

படிதான் இருக்கே, படிதான் இருக்கே என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். மீட்டிங்குக்கு வந்திருந்த மாடிவீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

எரேஸுக்கு 'ஈ' அடித்தேன். பெட்டியைத் தொட்டேன். என்டர்.

அவ்வளவுதான், லிஃப்ட் போய்விட்டது.

"சேவ் பண்ணிடு. பிரின்ட் எடுத்து இன்னைக்கே கையெழுத்து வாங்கிடலாம்."

சேவ் கொடுக்க விரலை நகர்த்துவதற்குள் திரை இருண்டது.

"கரண்ட் கட்டா?" என்றாள் லிண்டா. அவள் வீட்டு டிவி உள்ளே பாடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியாக நான் சேவ் செய்தது காலையில், என் வீட்டில். அதில் லிஃப்ட் முதல் இடத்திலேயே, லிண்டாவின் ஜன்னலோரம், படிக்கட்டை ஒட்டி நிற்கிறது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து ஏதோ சரசரவென்று வந்து பானட்டில் டங்கென்று விழுந்தது. அக்பர் பாஷா அலறினார். துண்டு விரிக்காத இடம்.

அது ஒயரின் மறுமுனை. மூன்று பின் பிளக்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மூன்றாவது மாடி பால்கனிக் கம்பிக்குப் பின்னால், சக்கர நாற்காலியில், ஆரோக்கியமேரி டீச்சர்.

எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒயர் காலையிலிருந்து தொங்குகிறது.

"கரண்ட் வேணும்னா மேல வந்து செருகிக்கோ பிரகாசம்" என்றார், வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரலில். "படிதான் இருக்கே."

அளந்தபோது எண்ணியிருக்கிறேன். ஐம்பத்தேழு படி. ஒருவரும் நகரவில்லை.